எத்தனை பஸ் சாப்பிட்டாள்

என் மகள் இரண்டரை வயது வரை செஞ்சி பஸ் ஸ்டாண்டில்தான் சாப்பிட்டாள். வீட்டில் வாயே திறக்க மாட்டாள். திருவண்ணாமலை பஸ்ஸோ திண்டிவனம் பஸ்ஸோ பின்பக்கமாக உள்ளே வரும்போது கண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் முதுகில் தட்டி, "வா வா வா, வரலாம் வா" என்று கத்துவார். அந்தச் சத்தத்தில் அவள் அசந்துபோய் வாயைப் பிளப்பாள். அந்த நேரம் பார்த்து ஒரு வாய் பருப்புச் சோற்றை உள்ளே தள்ளிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வாய் மூடிவிடும். அப்புறம் அடுத்த பஸ் வரும்வரை நிற்க வேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குப் பஞ்சர் கடை. மனைவி செருப்புக் கம்பெனிக்குப் போகிறாள். விடிவதற்கு முன்பே கம்பெனி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் பிள்ளைக்கு ஊட்டுகிற வேலை என்னுடையது. டயர் கழற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தோடு போய் நிற்பேன். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கடைக்கு வந்தவன் காத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவான். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் என்னை ஃபோனில் படம் எடுப்பார்கள். பாசமான அப்பாவாம். ஒருவனை அடிக்கவே போய்விட்டேன்.

கண்டக்டர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

"இன்னாப்பா, இன்னிக்கி எத்தினி பஸ்ஸு துன்னா உம் பொண்ணு?"

"நாலு."

"அதான பாத்தேன். எங்க ரூட்ல நாலு பஸ்ஸக் காணோம்னு தேடிக்கினு இருக்காங்க."

நான் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அந்த ஆள் அடுத்த தடவை தட்டாமல் போய்விடுவாரோ என்று பயம்.

அவள் எட்டாம் மாதத்தில் பிறந்தவள். முதல் ஒன்றரை மாதம் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் பால் போனது. குழாயை எடுத்த பிறகு, வாய்ப்பக்கம் எது வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் பால் மட்டும் குடிப்பாள். சோற்றைக் கண்டாலே குமட்டல். ஊர்க்காரர்கள் சொல்லாத யோசனை இல்லை. மந்திரித்தோம். கயிறு கட்டினோம். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று ஒருத்தர் சொன்னதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தோம். அவள் கேட்கவே இல்லை, சுருண்டு படுத்துவிட்டாள். காலில் போட்டு மூக்கைப் பிடித்துக் கஞ்சி ஊற்றச் சொன்னார்கள். அதையும் செய்தேன், நான்தான் செய்தேன். மூச்சு முட்டி முகம் கறுத்துப்போனது. அன்றோடு விட்டேன். அதற்கப்புறம் கண்டுபிடித்ததுதான் பஸ்.

அங்கன்வாடியில் எடை பார்த்த டீச்சர், விழுப்புரத்தில் சிறு பிள்ளைகளைச் சாப்பிடப் பழக்குவதற்கு ஒரு மையம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். சாப்பிடுவதற்கு ஒரு தெரபியா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனேன்.

தெரபி கொடுப்பவர் சின்னப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். மேடம் என்று கூப்பிட்டேன். பஸ் விஷயத்தைப் பெருமையாகவே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இப்ப எதுவும் வேடிக்கை காட்டாம ஒரு வாய் ஊட்டுங்கண்ணா" என்றார். என் கை பாதி தூரம் போவதற்குள் மகள் முதுகை வளைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ இதுவரைக்கும் சாப்பிடவே இல்லண்ணா. நீங்க போட்டுட்டு இருந்தீங்க. வாயில என்ன போச்சுன்னே அவளுக்குத் தெரியாது."

ஒன்றரை வருடம் வெயிலில் நின்றவனிடம் பேசுகிற பேச்சா இது? எழுந்து வந்திருப்பேன். ஆனால் எடை ஒன்பது கிலோ முந்நூறு கிராம். ஒன்பதுக்குக் கீழே போனால் மறுபடி குழாய்தான் என்று மையத்து டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் குழாய் இன்னொரு தடவை வேண்டாம். உட்கார்ந்தேன்.

இனி யாரும் அவள் வாயில் எதையும் போடக்கூடாது என்றார் மேடம். தினமும் ஒரே இடத்தில் தரையில் உட்கார வேண்டும். அவளுக்குத் தனித் தட்டு. தொடலாம், பிசையலாம், மோந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் துப்பலாம். துப்புவதற்கு ஒரு கிண்ணம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும். கெஞ்சக் கூடாது, கை தட்டக் கூடாது. பால் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் தொடரும்.

கடைசியாக, "நீங்க எப்பண்ணா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அவளுக்கு ஊட்டி முடித்துவிட்டுக் கடையில் நின்றபடி எதையாவது விழுங்குவேன் என்றேன். இனிமேல் அவளோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது, நானும் என் மனைவியும் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை.

மனைவிக்குத் துப்புகிற கிண்ணம்தான் தாங்கவில்லை. அவள் சிங்கவரத்தில் கூலி வேலை செய்தவர்களின் மகள்.

"எங்க வூட்ல சட்டில ஒட்டுன சோத்துக்கு அடிச்சிக்குவோம்யா. இவளுக்குத் துப்பறதுக்கு ஒரு கிண்ணமா? நல்லா இருக்குதுய்யா உங்க மேடம் நாயம்."

"நீ வந்து சொல்லேன்டி மேடத்துக்கிட்ட."

"நான் லீவு போட்டா சம்பளம் நீ குடுப்பியா?"

இரண்டு வாரம் தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அவள் சோற்றைத் தரையில் தேய்த்தாள். ஒரு பருக்கைகூட வாய்க்குப் போகவில்லை. எடை ஒன்பது கிலோ நூறுக்கு வந்தது. மூன்றாவது வாரம் யாரிடமும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். முதல் நாள் ஐந்து பஸ். அடுத்த நாள் ஆறு.

அந்த வாரம் விழுப்புரத்துக்கு மனைவியும் லீவு போட்டு வந்தாள். மகளை எடை மெஷினில் நிறுத்தினார்கள். நூற்றைம்பது கிராம் ஏறியிருந்தது. மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். மேடத்துக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"தானா சாப்பிட ஆரம்பிச்சுட்டா போலிருக்குதுண்ணா. அப்போ டாக்டர்கிட்ட கேட்டு ஒரு வேளைப் பாலைக் குறைச்சுடலாம். பசி இன்னும் நல்லா வரும்."

பாலைக் குறைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அவள் எதையும் தொடப்போவதில்லை. கால் கிலோவுக்கு மேல் இறங்கும். குழாய் வரும். வாயைத் திறந்து சொன்னேன்.

"பஸ் ஸ்டாண்டுல ஊட்டுனேன் மேடம்."

மனைவி கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உன்ன நம்பித்தானய்யா நான் கம்பெனிக்குப் போறேன்" என்றாள்.  திட்டியிருக்கலாம்.

மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பால் அப்படியே இருக்கட்டும். முதல்லருந்து ஆரம்பிக்கணும்" என்றார். அவரும் களைத்துத்தான் இருந்தார். வெளியே இன்னும் பத்துப் பிள்ளைகள் காத்திருந்தன.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். எடை மறுபடி இறங்கியது. ஒன்பது கிலோ நூறு, அப்புறம் ஒன்பது கிலோ ஐம்பது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "பொண்ணு இன்னா பஸ்ஸு மாறிட்டாளா?" என்று கேட்டார். 

ஒரு நாள் மதியம் லாரி டயரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தேன். நல்ல பசி. அவளைக் கவனிக்கக்கூடத் தெம்பில்லை. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தேன். அவள் கை என் தட்டுக்குள் வந்தது. ஒரு துண்டு அப்பளத்தை எடுத்தாள். நாக்கில் வைத்தாள். கிண்ணத்தில் துப்பினாள். இன்னொரு துண்டு எடுத்தாள். அதையும் துப்பினாள். மூன்றாவது துண்டைக் கடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. அவள் எதையும் கடித்து நான் பார்த்ததில்லை. அதுவரை மசித்த சோற்றை விழுங்கியது மட்டும்தான்.

நிமிரக் கூடாது, ஒன்றும் சொல்லக் கூடாது. தலையைக் குனிந்தபடி சோற்றைத் தின்றேன்.  

"நைனா, இன்னொன்னு" என்றாள்.

தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். எடுத்துக்கொண்டாள். ஒரு துண்டு அப்பளத்துக்கு இத்தனை பாடா என்று கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அந்த வாரமும் மெஷின் ஒன்பது கிலோ ஐம்பதுதான் காட்டியது. ஏறவில்லை, இறங்கவும் இல்லை. டாக்டர் எடை எழுதிய அட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். குழாயைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.