கடல் பார்த்த அறையில் பேப்பர் அக்காவின் தூக்கம்

தெருவில் எல்லோருக்கும் அவள் பேப்பர் அக்கா. கட்டிய கணவரே ஒரு தடவை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். விடியற்காலை மூன்று மணிக்குப் பேப்பர் வண்டி வாசலில் கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும். அவள் கயிற்றை அறுத்து, தாளுக்குள் இணைப்புத் தாளைச் செருகி, தெருவாரியாகப் பிரித்து அடுக்குவாள். சைக்கிள்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். மழை, காய்ச்சல், மகளின் பிரசவம் என்று எதற்காகவும் அது ஒரு நாளும் நின்றதில்லை. அப்புறம் பகலெல்லாம் வீட்டு வேலை. ராத்திரி அவள் படுக்க வரும்போது கணவர் குறட்டையில் பாதி தூரம் போயிருப்பார்.

கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொழிலில் பாதி டிக்கெட் கிழிப்பது, மீதி தூங்குகிறவர்களை எழுப்புவது. கடைசி நிறுத்தத்தில் அவர் ஒரு குரல் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட தூங்குமூஞ்சியும் அலறியடித்துக்கொண்டு செருப்பைத் தேடும்.

இவர்களுடைய ஒரே மகள் பெரிய கடற்கரை ஓட்டலில் அம்மா அப்பாவுக்கு ஒரு நாள் அறை போட்டாள். அதுவும் கடல் பார்த்த அறை.

"அம்மா கடலைச் சரியாப் பார்த்ததே இல்லப்பா. காலைல சூரியன் வர்றதை பால்கனியில நின்னு காட்டுங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க. இது உங்க பொறுப்பு."

பொறுப்பு என்று சொல்லிவிட்டால் கண்டக்டரைக் கையில் பிடிக்க முடியாது. அன்றைய பேப்பர் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மைத்துனனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

ஓட்டலில் அவள் பளிங்குத் தரையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றப் போனாள். அறைக்குள் போனால் ஒரே கட்டிலில் நாலு தலையணை. "இன்னும் ரெண்டு பேர் வர்றாங்களா?" என்று கேட்டாள். குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர். "இதைக் கட்டினவனுக்கு வெக்கமே கிடையாது போல" என்று பெரிய துண்டு ஒன்றை எடுத்து மாட்டி மறைத்தாள். பிறகு, "அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்க்கறேன்" என்று படுத்தாள்.

அவ்வளவுதான்.

கண்டக்டர் பால்கனியில் நின்று நீச்சல் குளத்தைப் பார்த்தார். அலுத்துப்போய் உள்ளே வந்தார், அவள் தூங்கினாள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஊரே திரண்டிருந்தது. பலூன், பாட்டு, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், கைகோத்து நடக்கும் ஜோடிகள். நடுவில் இவர் மட்டும் தனி ஆளாகப் போய்விட்டு வந்தார். அப்போதும் தூங்கினாள். ராத்திரிச் சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துக் கொடுத்தால், பாதிக் கண்ணில் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி சாய்ந்தாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் ஆசை ஆசையாகச் செய்ததை இப்படியா வீணாக்குவது?

மூன்று மணிக்கு அவள் சொல்லி வைத்தாற்போல எழுந்து உட்கார்ந்தாள். கை தலையணைக்குப் பக்கத்தில் கயிறு அறுக்கும் கத்தியைத் துழாவியது. "வண்டி வந்துருச்சா?"

"இன்னைக்கு உன் தம்பி பாத்துக்கறான். படு."

உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்துவிட்டாள். கண்டக்டருக்கு அதற்குமேல் தூக்கம் வரவில்லை.

வானம் சிவந்ததும் திரையை விலக்கினார். போட்டோ எடுக்கப் போனைத் தயாராக வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து தொண்டையைச் செருமினார். குரல் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அப்போது அவள் முகம் கண்ணில் பட்டது.

வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவத்துக்கு நடுவே எப்போதும் இருக்கும் கோட்டைக் காணவில்லை. இப்படி ஒரு முகம் அவளுக்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அவர் தூங்கிய பிறகு படுப்பாள், அவர் எழுவதற்குள் எழுந்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை; நேற்றும் இருந்த கோபத்தில் முகத்தைக் கவனிக்கவில்லை. அவருக்கு அவள் மேல் பாசம் பொங்கியது. கூடவே தன் மேல் எரிச்சலும் வந்தது. வெயில் அவள் கன்னத்தைத் தொடப் பார்த்தது. சத்தமில்லாமல் திரையை இழுத்து மூடினார்.

மகள் போன் செய்தாள். குளியலறைக்குள் போய்க் கிசுகிசுத்தார்.

"போட்டோ எங்கப்பா?"

"அம்மா தூங்கறாம்மா."

"எழுப்புங்கப்பா. அந்த ரூம் போட்டதே கடலுக்காகத்தான்."

"எழுப்ப மாட்டேன்" என்றார். மகளிடம் அவர் எதையும் மறுத்துப் பேசியதில்லை. மகள் குரலைத் தணித்துக்கொண்டு, "சரிப்பா, தூங்கட்டும்" என்றாள்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணை, வாயில் விரல் வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார். பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று ஓட்டலில் சொன்னதும், வரவேற்பு மேஜைக்கே இறங்கிப் போனார்.

"இன்னும் கொஞ்ச நேரம் விடும்மா. என் வீட்டுக்காரி தூங்கறா."

"உடம்பு சரியில்லையா சார்?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தூங்கறா."

மேஜையில் இருந்த பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். "ரெண்டு மணி வரைக்கும் இருங்க சார்."

ஒரு மணிக்கு அவளாகவே விழித்தாள். நேரத்தைக் கேட்டதும் பதறிப்போய்த் திரையை விலக்கினாள். கண் கூசும்படி கடல் மின்னியது. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எழுப்பியிருக்கலாம்ல? ஊரையே எழுப்பற மனுஷன்தானே நீங்க?"

"மனசு வரல."

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்போ காலி பண்ணணும்?"

"ரெண்டு மணிக்கு."

"அப்போ இன்னும் நேரம் இருக்கே" என்று திரையை இழுத்து விட்டுவிட்டு வந்து மறுபடி படுத்தாள். "நீங்களும் கொஞ்சம் படுங்களேன். கண்ணெல்லாம் சிவந்திருக்கு."

"நானும் தூங்கிட்டா நேரத்துக்கு யாரு எழுப்பறது?"

அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். கண்டக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தான் சற்றுமுன் கேட்ட அந்தக் கேள்வியை, இத்தனை வருஷத்தில் அவள் தன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.