மூன்றாவது பாட்டில் விழுந்த அடி

தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அது போக, மாவட்டத்தில் பாட்டுக் குழு வைத்திருக்கும் இளைஞர்கள் செல்போனிலும் லேப்டாப்பிலும் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு முகநூலில் விமர்சனம் எழுதுவேன். எந்தக் கம்பெனியும் வெளியிடாத பாட்டுகள். அரூரிலிருந்து வரும், பாலக்கோட்டிலிருந்து வரும். சித்தேரி மலையில் சிக்னல் கிடைக்கும் மேடு வரை நடந்து போய் அனுப்பியதாக ஒரு குழு சொன்னது. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்பேன். ஈவு இரக்கம் இல்லாமல் எழுதுகிறேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு குழுவின் டிரம் சத்தத்தை, தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது போல் இருக்கிறது என்று எழுதினேன். அவர்கள் அதன் பிறகு எதையும் அனுப்பவில்லை.

போன வருஷம் பென்னாகரம் பக்கத்திலிருந்து நான்கு பேர் குழு ஒன்று நான்கு பாட்டுகளை அனுப்பியது. ஒகேனக்கல் போகும் ரோட்டை ஒட்டி, கோழி வளர்ப்பதை நிறுத்திவிட்ட ஒரு பண்ணைக் கொட்டகையில் பதிவு செய்ததாகப் பாடகன் எழுதியிருந்தான். இரண்டு கிடார், ஒரு பம்பை, ஒரு குரல். முதல் இரண்டு பாட்டும் வெறும் கத்தல். மூன்றாவது பாட்டில் இரண்டு நிமிஷம் தாண்டியதும் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கின்றன. பாடகனின் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த இடைவெளியில், எங்கோ தள்ளி, உடம்பின் மேல் எதுவோ விழும் சத்தம். இன்னொன்று. ஒரு பாத்திரம் உருள்கிறது. ஒரு பெண்ணின் குரல் உயர்ந்து உடைகிறது. அது முடிவதற்குள் பம்பை அதன் மேலேயே வந்து இறங்குகிறது.

எனக்கு முதுகு சிலிர்த்தது. ஏழெட்டு முறை கேட்டேன். அன்றைக்கே எழுதினேன். இந்த மாவட்டத்திலிருந்து இப்படி ஒரு பதிவு இதுவரை வந்ததில்லை என்று எழுதினேன். அடியும் அந்தப் பெண்ணின் அழுகையும் எங்கே வர வேண்டுமோ அங்கே வருகின்றன, இதை யோசித்தவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்றும் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதைத்தான். பாட்டும் சேர்ந்து போனது.

எட்டோ ஒன்பதோ நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் எழுந்த நேரத்தில், இடது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். துண்டு நனைந்து கறுத்திருந்தது. கூட வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவள் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனை உள்ளே கூட்டிப்போனேன்.

"பாட்டு அனுப்பிச்சமே, பென்னாகரத்துல இருந்து. பாடறவன் நான்தாங்கண்ணா," என்றான்.

துண்டைப் பிரித்தேன். இரண்டு விரல்கள் விரல் மாதிரியே இல்லை. பிளேட்டின் மேல் கையை வைக்கும்போது அவன் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. படத்தில் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் எலும்பு துண்டு துண்டாகக் கிடந்தது. விழுந்து உடைந்ததாக இருந்தால் எலும்பு அப்படி நொறுங்காது.

"யாரு அடிச்சது?"

"எங்க மாமாங்க. அக்கா வூட்டுக்காரரு. இரும்புப் பைப்பால."

கொட்டகை மாமாவுடையது. அவர் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பதிவு நடந்த மத்தியானம், இவன் பாடிக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டுக்குள் அக்காவை அடித்துக்கொண்டிருந்தார். பாட்டில் வந்தது அந்த அடி. அது ஊருக்குள் பரவி, டீக்கடையில் எவனோ அவரிடமே போனை நீட்டி, உன் வூட்டுச் சத்தம் இதுல வருதாமே என்று கேட்டிருக்கிறான். அவர் நேராகக் கொட்டகைக்கு வந்திருக்கிறார். பம்பையின் தோலைக் கத்தியால் கிழித்தார். ஒரு கிடாரைத் தூணில் அடித்துப் பிளந்தார். மற்ற மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். கோழிக்குத் தண்ணீர் போகும் பைப்பைப் பிடுங்கி, இவன் கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நாலு அடி அடித்தார். சத்தம் கேட்டு வந்த அக்கா மைக் ஸ்டாண்டை எடுத்து அவர் தலையில் அடித்தாள். அவர் பிடியை விட்ட பிறகும் அடித்தாள்.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன்: "அந்தச் சத்தம் பாட்டுல இருக்கறது உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாடறப்ப தெரியலங்கண்ணா. அப்பறம் ஹெட்ஃபோன்ல கேக்கறப்ப தெரிஞ்சிது. எடுத்துடலாம்னுதான் பாத்தேன். எடுத்தா பாட்டே செத்துப் போவுது."

அவன் கன்னத்தில் அறைந்தேன். விரல் நொறுங்கி நிற்கிறவனை அறைந்தேன். அவன் தலை சுவரில் இடித்தது. மறுபடியும் கையை ஓங்கினேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்துவிட்டாள்.

"எதுக்கு அவன அடிக்கிறீங்க? இன்னிக்கி வாங்குனது பத்தாதா?"

அவனே பதில் சொன்னான். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில், தலையைத் தூக்காமல் சொன்னான். அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பாட்டப் போடுங்க," என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவளாகவே ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். வீங்கிய உதட்டை நாக்கால் தொட்டபடி கேட்டாள். அந்த இடம் வந்தபோது முகத்தில் எதுவும் மாறவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"நான் அழுவுறேன்னு எழுதுனீங்களாமே. நான் எங்கீங்க அழுவுறேன்? நல்லா கேளுங்க. உன் கை அழுவிப் போவட்டும்டான்னு சொல்றேன்."

கேட்டேன். கை அழுகிப் போகட்டும் என்ற சாபம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஏழெட்டு முறை கேட்டு, மூச்சையும் பம்பையையும் பிரித்துப் பிரித்து எழுதிய எனக்கு, ஒரு பெண் என் மொழியிலேயே சொன்ன நான்கு சொற்கள் காதில் விழவில்லை. பெண் குரல் என்றதும் அழுகை என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன்.

"இப்பவே அழிச்சிடறேங்க," என்றேன்.

"அழிக்காதீங்க. மாத்தி எழுதுங்க. அப்பறம் அந்தப் பாட்ட எதுல போட்டுக் குடுக்கணுமோ போட்டுக் குடுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவணும்."

பாட்டைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போவதற்கு முன்னால் அவள் கைகளையும் எக்ஸ்ரே எடுத்தேன். வலது முன்கை எலும்பில் இரண்டு இடத்தில் பழைய முறிவு, தானாகவே கூடிக் கோணலாக நின்றது. தலையில் விழும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவர்களுக்கு உடையும் இடம் அது. அதைப் பத்து வருஷமாக வாரத்துக்கு ஒருவரிடமாவது பார்க்கிறேன். எல்லோரும் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வார்கள். நானும் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

விமர்சனத்தை அன்று சாயங்காலமே மாற்றினேன். அது அழுகை இல்லை, சாபம் என்று எழுதினேன். அது நிஜமான அடி என்றும், அடிபட்டவர் உயிரோடு இருக்கிறார் என்றும், கையைக் குலுக்கச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன் என்றும் எழுதினேன். பாட்டை மட்டும் என் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்த மாமா வந்தார். தலையில் கட்டு, கண்ணுக்குக் கீழே நீலம். பார்த்தால் சாதாரண ஆள், இஸ்திரி போட்ட சட்டை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என்னைப் பற்றி விசாரித்தார். அவள் பதில் சொல்வதற்குள் மேஜைக் கண்ணாடியை முஷ்டியால் உடைத்தார். நான் வெளியே வந்ததும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, உடைந்த கண்ணாடி கிடந்த மேஜையிலேயே என் முகத்தை அழுத்தினார்.

"எம் பொண்டாட்டிய நான் அடிச்சா நீ மார்க் போடுவியாடா?"

இரண்டு முறை தூக்கித் தூக்கி இடித்தார். என் புருவத்துக்குள் கண்ணாடி இறங்கியது தெரிந்தது. கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஸ்கேனுக்குக் காத்திருந்த இரண்டு விவசாயிகள்தான் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார்கள். இழுத்த பிறகும் காலால் என் இடுப்பில் உதைத்தார். ஆறு தையல் போட்டார்கள். மருத்துவமனை அறையில் படுத்துக்கொண்டு, அவர் கேட்டதற்கு என்ன பதில் என்று யோசித்தேன். நான் மார்க் போட்டது உண்மைதான்.

அதன் பிறகுதான் போலீஸ் அவரைப் பிடித்து ரிமாண்டில் வைத்தது. பிறகு ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு நடக்கிறது. இரண்டு முறை சாட்சிக்கு என்று போய், தேதி தள்ளிப்போய் திரும்பி வந்தேன். ஒரு முறை பென்னாகரம் பஸ்ஸில் எனக்கு நாலு சீட் முன்னால் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

விமர்சனம் எழுதுவதை ஐந்தாறு மாதம் நிறுத்தியிருந்தேன். இப்போது மறுபடியும் எழுதுகிறேன், குறைவாக. தகர டப்பா என்று எழுதிய குழுவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். யாருங்க நீங்க என்று கேட்டு வைத்துவிட்டார்கள்.

அக்கா பொம்மிடியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஒரு தையல் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய் வருகிறாள். தம்பிக்கு அந்த இரண்டு விரல்களும் மடங்குவதில்லை. கிடாரை விட்டுவிட்டான், குழுவும் கலைந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை அக்காவைப் பார்க்கப் போகிறான். போன மாதம் வழக்கு விஷயமாக நானும் கூடப் போனேன். அவன் கேழ்வரகு மாவும் தேங்காயும் எடுத்து வந்திருந்தான். அவள் வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டாள். வக்கீல் சொன்னதை என்னிடம் விசாரித்தாள், புருவத் தழும்பைப் பார்த்து வலி போய்விட்டதா என்று கேட்டாள்.

அவனிடம், "பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு," என்றாள்.

"தண்ணி குடுக்கா," என்றான்.

சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வெயிலில் நின்றபடியே குடித்தான். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.