பத்தர் வீட்டுக் கை கழுவும் சட்டி

"டீச்சர், மனசு ஒடஞ்சதால அவுக கை கழுவுறாகளா? இல்ல, கழுவிக் கழுவியே மனசு ஒடஞ்சுபோச்சா?"

எழுபதுகளில் காரைக்குடியில் பக்கத்து வீட்டு மீனா என்னிடம் கேட்டது இது.

சயின்ஸ் டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினாள். (எனக்குத் தெரியவில்லை.)

அவள் கணவர் சுப்பையா, நகை செய்யும் பத்தர்.

பத்தர்கள் வேலை முடிந்ததும் கண்ட இடத்தில் கை கழுவ மாட்டார்கள். அதற்கென்று ஒரு சட்டி இருக்கும். கையில் ஒட்டிய தங்கத்தூள் அதன் அடியில் தங்கும்.

அதனால் அவர் திரும்பத் திரும்பக் கழுவியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாணயமான மனுஷன் என்று தெருவே மெச்சியது. (நானும்தான்.)

உள்ளே இருந்தது பயம். அடுத்தவர் தங்கம் நகக்கண்ணில் ஒட்டியிருந்தால் தான் திருடனாகிவிடுவோமோ என்ற பயம். கழுவினால் சற்று அடங்கும். உடனே திரும்பி வரும்.

தோல் வெடித்தது. வேலை நின்றது. பிறகு அவர் பாயை விட்டு எழவே இல்லை.

உயிரோடு இருந்து என்ன செய்யப்போகிறேன் என்று அவர் சொன்ன அன்று மீனா என்னிடம் ஓடி வந்தாள். மறுநாளே மதுரைக்கு, மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

டாக்டரிடம், எதுவும் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். மீனா அவர் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள்.

"இதையும் சொல்லுங்க. மறைக்காதீக."

அப்போதுதான் மீனாவின் கேள்விக்கு டாக்டரிடம் விடை கிடைத்தது. இவருக்குக் கழுவல் முந்தி, சோர்வு பிந்தி. சிலருக்கு வரிசை மாறுமாம்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: குழாய் ஒழுகித் தரை ஈரமாகிறது. அதில் வழுக்கி விழுந்தவரால், எழுந்து போய்க் குழாயை மூடவும் முடியவில்லை. குழாய் என்பது அந்தப் பயமும் ஓயாத கழுவலும்; அதை இன்று ஓசிடி என்கிறோம். விழுந்து கிடந்ததை டிப்ரெஷன் என்கிறோம். நாங்கள் குழாயைக் கவனிக்காமல் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரை கொடுத்தார்கள். தெம்பு வந்ததும், கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சி. மீனாவுக்கும் ஒரு கட்டளை: சுத்தமா என்று அவர் கேட்டால் பதில் சொல்லக் கூடாது; சொன்னால் அந்தப் பயத்துக்குத் தீனியாகுமாம். (அவளுக்குத்தான் அது பெரிய கஷ்டம்.)

நடுநடுவே சறுக்கினார். மாதங்கள் ஆயின.

ஒரு காலை, சுவருக்கு அப்பால் சுத்தியல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுப்பையா மனைவியிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சுத்தமா இருக்கா பாரு."

"நான் பாக்க மாட்டேன். டீச்சர் தோட்டுல திருகு கழண்டு கெடக்கு, அதப் பாருங்க."

சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டிப் பக்கம் போகாமல், தோட்டைக் கேட்டுக் கை நீட்டினார்.

உங்கள் வீட்டில் யாராவது சோர்ந்து படுத்திருந்தால், எழுந்திரு என்பதற்கு முன், "எதையாவது திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி மனசு நச்சரிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.