நான் ஜெயித்த கூட்டம்

ஆறாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் என் வாய்க்குத் தனி மரியாதை. விருந்தாளி வந்தால் காப்பி கொடுக்கும் முன்னே என்னைப் பேசச் சொல்வார்கள். நானும் கையை ஆட்டி ஆட்டிப் பேசித் தள்ளுவேன். அந்த வாயால்தான் அந்த வருஷத்து வெள்ளாமையே போயிற்று.

கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கரிசலில் மழையை நம்பித்தான் விதைப்பு. அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. அப்பா நாலு ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டிருந்தார். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அந்தச் சோளம்தான் நம்பிக்கை. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் படைப்புழு விழுந்தது.

காளியம்மன் கோயில் முன்னால் மைக் கட்டி ஊர் கூடியது. அப்பாவின் தங்கை விவசாயம் படித்து அந்த வேலையிலேயே இருந்தவள். அப்பாதான் அவளை வரவழைத்தார். அத்தைக்கு மைக் என்றாலே குரல் உள்ளே போய்விடும். புழு குருத்துக்குள் ஒளிந்திருக்கிறது, எத்தனை செடியில் இருக்கிறது என்று முதலில் எண்ண வேண்டும், பிறகு சாயங்காலமாகக் குருத்துக்குள்ளேயே மருந்து விழும்படி அடிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்படிச் செஞ்சா எல்லாம் செத்திருமா?" என்று ஒருவர் கேட்டார்.

"உறுதியாச் சொல்ல முடியாது அண்ணாச்சி. பாதியாவது தேறும்னு நெனைக்கேன்."

கூட்டம் சலசலத்தது. என் தாய்மாமா தன் போனை என் கையில் திணித்தார். உப்பும் சோப்புத்தூளும் கரைத்து அடித்தால் ஒரே நாளில் புழு ஒழியும் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. மேடைக் குரலில் வாசித்தேன்.

"இதை எழுதுனது யாரு? எந்த ஊர்ல அடிச்சுப் பாத்தாவ?" என்றாள் அத்தை. "முதல்ல ரெண்டு வரியில மட்டும் அடிச்சுப் பாருங்களேன்."

பரிசு வாங்கியவள் சும்மா இருப்பேனா? "பாதி தேறும்னு சொல்லுத அத்தை பேச்சைக் கேக்கணுமா, முழுசும் தேறும்னு சொல்லுத இதைக் கேக்கணுமா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க!" என்றேன். விசில் பறந்தது. அப்பாவும் கைதட்டினார்.

உப்பும் சோப்புத்தூளும் கரைத்து அடித்த மூன்றாம் நாள் காடு முழுக்கக் குருத்து கருகிக் கிடந்தது. புழுக்கள் என்னவோ சௌக்கியமாகத்தான் இருந்தன. அக்கா கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். அத்தை ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது தேறுமா என்று வரி வரியாக நடந்து பார்த்தாள். அப்பா தலை நிமிராமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

நான் அவள் பின்னாலேயே ஓடினேன். "அன்னைக்கு ஏன் அத்தை நீங்க சத்தமாப் பேசல? கண்டிப்பாச் செத்திரும்னு சொல்லியிருந்தா எல்லாரும் கேட்டிருப்பாவ."

"எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான், தாயி."

நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழிகளைக் கூட்டிவைத்து, அவ்வளவு படித்த எங்கள் அத்தைக்கே ஒன்றும் தெரியாதாம், அவளே என்னிடம் ஒத்துக்கொண்டாள் என்று சொல்லிச் சிரித்தேன்.