வரி தானாகவே மடங்கும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே என் அக்கா டைப் கடை வைத்திருக்கிறாள். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. முதலில் டைப்ரைட்டர் இருந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அக்கா உட்காரும் விதம் மட்டும் மாறவில்லை. முதுகு நாற்காலியில் சாயாது. கண் வக்கீலின் கையெழுத்துத் தாளை விட்டு நகராது. திரையை அவள் பார்ப்பதே அபூர்வம்.

போன ஐப்பசி மழையில் இடி இறங்கிய ஒரு மாலையில் அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. ராஜபாளையத்தில் என் வீட்டுப் பக்கம் இருக்கும் ரிப்பேர்க் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, இதன்மேல் செலவழிப்பது வீண் என்றார். அவரிடமே வேறு ஒன்று வாங்கினோம். தமிழ் டைப்ரைட்டர் விசைகள் இருந்த இடத்திலேயே இருக்கும்படி அமைத்துக் கொடுத்தார். ஆனால் உள்ளே இருந்த ஆபீஸ் மென்பொருள் அக்கா அறிந்ததல்ல. எந்தப் பொத்தானும் பழைய இடத்தில் இல்லை. பழையதிலிருந்து எடுத்துப் போட்ட மாதிரி மனுக்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகக் குறிகள் வந்து நின்றன.

மச்சான் இறந்ததிலிருந்து அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். சென்னையில் வேலை பார்க்கும் அவள் மகன் இதைக் கேள்விப்பட்டதும், இனியும் எதற்கு அம்மா இந்தப் பாடு, கிளம்பி வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னான். முன்பும் சொல்லியிருக்கிறான். இந்த முறை அக்கா மறுக்கவில்லை. நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். மேசையில், நான் காலையில் வாங்கி வந்த, அந்த மென்பொருளுக்கான கையேடு இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தப் புஸ்தகத்தை முடிச்சுப் பாக்கேன்யா. அதுக்குள்ள எனக்கு இந்த மிஷினு கைக்கு வரலேன்னா கடையப் பூட்டிட்டு வந்துருதேன்."

அவள் போய்விடக்கூடாது என்று நினைத்தேன். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ராஜபாளையத்தில் பஸ் ஏறி இந்தப் பெஞ்சில் வந்து உட்காருவதுதான் என் பகல் என்று ஆகிவிட்டிருந்தது. ஆகவே கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நான் வாசிப்பது, அவள் செய்வது என்று ஏற்பாடு.

கையேடு தமிழில்தான் இருந்தது. ஆனால் அது மென்பொருளின் வேறொரு பதிப்பைப் பார்த்து எழுதப்பட்டது. இடது மூலையில் இருக்கும் என்று புத்தகம் சொன்ன பட்டன் திரையில் வலது பக்கம் இருந்தது. சில படங்கள் தலைப்பு மாறி அச்சாகியிருந்தன. நான் பிழை திருத்துபவனாகப் பத்திரிகையில் சேர்ந்தவன். அச்சடித்த தாளைப் பென்சில் இல்லாமல் வாசிக்க இன்றும் எனக்கு வராது. ஒரு பத்தியை வாசிப்பேன், ஓரத்தில் குறி போடுவேன், அடுத்த பத்திக்குப் போவேன். அக்கா விசைகளின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"ஏலே, நீ படிக்கியா, திருத்துதியா?"

இவ்வளவு பிழையோடு ஒரு புத்தகம் வரலாமா, பதிப்பாளருக்கு எழுதிப் போட வேண்டும் என்றேன்.

"எழுதிப் போடு. அவுக திருத்தி அனுப்பும்போது நான் சென்னையில இருப்பேன்."

கோப்பைத் திறப்பது, சேமிப்பது, அச்சடிப்பது எல்லாம் விரைவிலேயே அவளுக்குப் பிடிபட்டன. சிக்கல் பத்திகளைப் பற்றிய அத்தியாயத்தில் வந்தது. வரியின் முடிவில் என்டர் தட்டக்கூடாது, வரி தானாகவே மடங்கும், பத்தி முடியும் இடத்தில் மட்டும் தட்ட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

டைப்ரைட்டரில் வரி முடியப்போகிறது என்றால் ஒரு சின்ன மணி அடிக்கும். கை தானாக எழுந்து உருளையைத் தள்ளும். அக்காவின் கை அதில் பழகியது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். தலைப்பை நடுவில் கொண்டுவர இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி நகர்த்துவாள். தாளில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இடையில் ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் தெரியும். அதற்குக் கீழே ஒரு வரி நிறைந்தும் அடுத்த வரி இரண்டு சொல்லோடு அந்தரத்திலும் நிற்கும். முன்பெல்லாம் அவள் அதைச் சரி செய்ய மாட்டாள். முழுப் பக்கத்தையும் திரும்ப அடித்துவிடுவாள். அவள் வேகத்துக்கு அதுதான் சுலபம். இப்போது மணிக்கட்டு அதற்கு ஒத்துழைக்கவில்லை. அதை அவள் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கடியில் கையை நீவிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன்.

"மணி அடிக்காம வரி முடிஞ்சது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அது உனக்குத் தெரிய வேண்டியதில்லை, கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, வரி முடிந்ததும் என்டர் தட்டினாள். அடுத்த வரியிலும் தட்டினாள். நாட்கள் இப்படியே போயின. ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், இது வெறும் கைப்பழக்கம், மனது வைத்தால் விட்டுவிடலாம் என்று சொன்னேன். அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"கைப்பழக்கம்னு யாரு சொன்னா? எங்க மடங்கணும்னு மனசுல எண்ணித்தான் நான் மடக்குதேன். இனிஷியல் ஒரு வரியில, பேரு அடுத்த வரியிலன்னா அந்த ஆளு ரெண்டா கெடக்கான். சர்வே நம்பரும் அப்படித்தான். உன் மிஷினுக்கு அது தெரியுமா?"

தலைப்புச் செய்தியில் ஒருவரின் பெயர் இரண்டாக உடையக்கூடாது என்று நாங்களும் பத்திரிகையில் பார்த்துப் பார்த்துத்தான் பக்கம் கட்டினோம்.

தேவதானம் என்ற ஊரில் இருக்கும் நிலம் பற்றிய ஒரு பாகப்பிரிவினைப் பிராது அப்போது அவள் கையில் இருந்தது. அடித்துக் கொடுத்தாகிவிட்டது. கோர்ட்டில் தாக்கல் செய்வதற்கு முந்தைய நாள் மத்தியானம் வக்கீல் குமாஸ்தா அதைத் திரும்பக் கொண்டுவந்தார். குடும்பத்தில் ஒரு தங்கச்சி விட்டுப்போயிருந்தாள். அவளையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். பெயர் வர வேண்டிய இடம் முதல் பக்கம். பிறகு உள்ளேயும் பல இடங்களில். எல்லா வரியும் உடையும் என்பது கேட்டவுடனேயே எங்கள் இருவருக்கும் தெரிந்தது. குமாஸ்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்காவுக்குக் கஷ்டம்னா பக்கத்துக் கடையில குடுத்துரச் சொன்னாரு வக்கீலு."

"செத்த நேரம் உக்காருங்க," என்றாள் அக்கா.

என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். அதுவரை அவள் அதை வாசித்ததில்லை, நான் வாசிக்கக் கேட்டதோடு சரி. அத்தியாயங்களைத் தள்ளிக்கொண்டு கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். விசைகளின் பட்டியல் அங்கே பொடி எழுத்தில் இருந்தது. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி, ஓரிடத்தில் நின்றாள். கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு இடைவெளிப் பட்டையைத் தட்டினால், அதன் இருபுறமும் உள்ள சொற்கள் வரி மடங்கும்போது பிரியாது என்று போட்டிருந்தது. அதே வரியின் முடிவில் விட்டுப்போன முற்றுப்புள்ளியை நான் பென்சிலால் வைத்திருந்தேன்.

அக்கா கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தான் தட்டியிருந்த என்டரைத் தானே அழித்துக்கொண்டு வந்தாள். அவள் இவ்வளவு நேரம் திரையைப் பார்த்து நான் கண்டதில்லை. குமாஸ்தாவுக்கு டீ வாங்கி வந்தேன். பிறகு இனிஷியல்களுக்கும் பெயர்களுக்கும் நடுவிலும், சர்வே எண்களுக்கு முன்னாலும் அந்தப் புது இடைவெளியை வைத்தாள். கடைசியாகத் தங்கச்சியின் பெயரைச் சேர்த்தாள்.

வரிகள் நகர்ந்தன. அந்தக் குடும்பத்து மூத்த அண்ணன் பெயர் வரியின் ஓரத்துக்கு வந்து, இடம் போதாமல், இனிஷியலையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியது. அக்கா ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் அந்த ஆள் ஒன்றாகவே இருந்தார்.

அச்சடித்த தாள்களை ஸ்கேலை வைத்து வரிவரியாகச் சரிபார்த்த பிறகுதான் கொடுத்தாள். குமாஸ்தா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "மிஷினு அக்காவுக்குப் பயந்துட்டு," என்றார். "எனக்கு அது பயந்தா போதாது, உங்க வக்கீலும் பயப்படணும். ஆளுகள எண்ணிட்டுப் பொறவு எழுதச் சொல்லுங்க," என்றாள் அவள்.

கடை சாத்தும் நேரத்துக்கு மகன் கூப்பிட்டான். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேசையைத் துடைத்தாள். புது கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை, கை வந்துவிட்டது என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அன்றைக்கு நடந்ததை அவள் சொல்லவே இல்லை.

"இன்னும் பாதிப் புஸ்தகம் கெடக்குய்யா."

"அப்போ இப்ப வரலையாம்மா?"

"முடிக்காம எப்படிச் சொல்ல? முடிச்சுட்டுச் சொல்லுதேன்."

அவன் கெட்டிக்காரன். புத்தகத்தில் மீதி என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. கணக்குத் தாள், வரைபடம், கூட்டங்களில் திரையில் போட்டுக் காட்டும் படங்கள். கோர்ட்டு வாசலில் யாரும் அவற்றைக் கேட்டு வரப்போவதில்லை.

"மெதுவாவே படிங்கம்மா," என்றான்.

மறுநாள் நான் போய் இறங்கியபோது அக்கா கணக்குத் தாள் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லுக்காக உண்மையாகவே வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் ஆனதும் இன்றைக்குப் போதும் என்று மூடி வைத்துவிட்டு, அடிக்க வேண்டிய மனுவை எடுத்தாள்.