அப்பாவின் குரலை இடம் மாற்றிய நாள்

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வெளி மாநிலங்களில் ஓடும் வண்டிக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் ஃபோன் செய்து, எத்தனை அடி இறங்கியது என்று சொல்வார்கள். பின்னால் அடிக்கணக்கில் சண்டை வரக்கூடாதென்று எல்லாப் பேச்சும் பதிவாகும். அப்பா அந்த வண்டிகளில் ஒன்றில் டிரில்லர். பொங்கலுக்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. அவர் இருக்கும் காட்டில் டவர் கிடைப்பதே அபூர்வம்; கிடைக்கிற கொஞ்ச நேரமும் அலுவலகத்துக்கு அடிக்கணக்குச் சொல்லவே சரியாகிவிடும்.

அந்தப் பதிவுகள் சேரும் ‘வார்’ (var) என்ற அடைவு, அதாவது ஃபோல்டர், ஒருநாள் நிரம்பி, ஃபோன் சர்வர் நின்றுவிட்டது.

“பழசையெல்லாம் அழிச்சுப் போடு அம்மிணி,” என்றார் முதலாளி.

“வேண்டாங்க. டிஸ்க்குல பெரிய பார்ட்டிஷன் ஒண்ணு காலியாத்தான் கெடக்குது. அங்க மாத்திர்றேனுங்க.”

“வண்டிக்காரங்க கூப்பிடறதுக்குள்ள ஆகோணும். ஆகலீன்னா அழிச்சர்றதுதான்.”

வேலையை வரிசைப்படுத்திக்கொண்டேன்: ஓடும் நிரல்களை நிறுத்துவது, கோப்புகளை யார் திறக்கலாம் என்ற அனுமதிகள் மாறாமல் நகலெடுப்பது, பழைய அடைவுக்கு வேறு பெயர் வைப்பது, அதன் இடத்தில் பெரிய பார்ட்டிஷனைப் பொருத்துவது, சர்வர் மறுபடி கிளம்பினாலும் அது தானாகப் பொருந்தச் செய்வது. கடைசியாக, ஏதாவது ஒரு பதிவைக் கேட்டுப் பார்ப்பது. ஏதாவது என்று நினைத்தேனே தவிர, எதைத் திறப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகவே முடிந்தது. ஹெட்ஃபோனில் அப்பா பேசினார். அடியளவு, கேசிங் பைப், தண்ணீர் வந்த ஆழம். பிறகு, “பாப்பா இருக்குதுங்களா?”

“இப்பத்தான் பஸ்ஸுக்குப் போச்சுங்கண்ணா,” என்றார் எங்கள் அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் அக்கா.

“செரிங்க, ஒண்ணுமில்ல.”

அடுத்ததைத் திறந்தேன். அதிலும் கேட்டிருந்தார். அதற்கு அடுத்ததிலும்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மேசைக்குத் திரும்பினேன். “ஏனுங்கக்கா, எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?”

“ஒண்ணுமில்லைன்னு அவரே சொல்றாரு. நாம போயி என்னன்னு சொல்றது சாமி?” என்ற அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃபோனை என் மேசைக்கு நகர்த்தி வைத்தார். “இன்னைக்கு நீயே எடு. என்ர காதாச்சும் கொஞ்சம் சும்மா கெடக்கட்டும்.”

என் பஸ் போய்விட்டது. முதலில் வேறு வண்டிகள் கூப்பிட்டன, அடிகளைக் குறித்துக்கொண்டேன். இருட்டிய பிறகு அப்பாவின் எண் வந்தது.

“அப்பா, நாந்தானுங்க.”

கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே அப்பா குரலை உயர்த்தினார்.

“பாப்பாவா? சாப்ட்டியா சாமி?”

“இல்லீங்கப்பா. எப்ப வாரீங்க?”

“இங்க மழை புடிச்சா வண்டி நின்னுரும். வந்தர்றேன்.”

அத்தோடு டவர் போய்விட்டது.

“எத்தன அடியாம்?” என்று அக்கா கேட்டார். அதை அப்பா சொல்லவே இல்லை.