பெயர் எழுதாத சீட்டு

எண்பதுகளில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனியில், கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். படிப்பு ஆறாவதோடு சரி. கம்ப்யூட்டர் டேப் சுருள்களைத் தூக்கத்தான் சேர்த்தார்கள். பிறகு புதிய புரோகிராமை மிஷினில் ஏற்றும் வேலையும் என் தலையில் விழுந்தது. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அடிப்பேன். அது போதும் என்றார்கள்.

எல்லாப் பிரிவின் புரோகிராமும் ஒரே டிஸ்கில்தான். அதற்குள் தனித்தனி அறை மாதிரி, லாரி வரும் கேட்டுக்கு ஒரு டைரக்டரி, கிரேனுக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று. ஒன்றில் வேலை முடிந்திருக்கும், இன்னொன்று பாதியில் கிடக்கும். எந்த டைரக்டரியை ஏற்ற வேண்டும் என்று ஆபீசர் சீட்டில் எழுதித் தருவார். அதை மட்டும் ஏற்றுவேன்.

ஒரு நாள் காலை கேட் பிரிவு ஆபீசர் வந்தார். தமிழர். யூனிவர்சிட்டி படித்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சீட்டில் டைரக்டரி பெயர் இல்லை.

"சார், பேரு காணோம்."

"வேணாண்ணே. என் டெர்மினல்ல பேரு போடாமத்தான் அடிச்சேன். சரியா வந்துச்சு லா."

"இங்கயும் அப்படி வருமா?"

"படிச்சது நானா, நீங்களா? அடிங்கண்ணே."

அடித்தேன்.

அவர் மேசையில் அவர் கேட் டைரக்டரிக்குள் இருந்துகொண்டு அடிக்கிறார். பெயர் தேவையில்லை. என் டெர்மினல் டிஸ்கின் வாசலில் நிற்கும். பெயர் சொல்லாவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையையும் அள்ளி ஏற்றும். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதியில் கிடந்த கிரேன் புரோகிராமும் ஏறிவிட்டது. எந்தப் பெட்டியை எங்கே இறக்குவது என்ற பட்டியல் வரவில்லை. கிரேன்கள் நின்றன. லாரிகள் ரோடு வரை நின்றன.

ஆபீசர் ஓடி வந்தார். மிஷினைப் பார்க்கவில்லை.

"அண்ணே, அந்தச் சீட்டக் குடுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். பேர எழுதிடறேன்."

புக்கிட் பாத்தோக்கில் தவணைக்கு வீடு எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போனால் வீடும் போகும். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"தர முடியாது, சார்."

முந்தின நாள் நகல் எடுத்து வைத்த டேப்பிலிருந்து ஒவ்வொரு டைரக்டரியாகத் திரும்ப ஏற்றினேன். மத்தியானம் ஆகிவிட்டது. அவர் வெளியே நின்று சிகரெட் பிடித்தார்.

சீன மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். ஆபீசர் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். என் பக்கம் கையைக் காட்டி, படிக்காதவன் என்றார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். மேனேஜர் என்னிடம் மலாயில் கேட்டார். மலாயில் சொன்னேன். சீட்டை மேசைமேல் வைத்தேன்.

பார்த்தார். இனிமேல் பெயர் இல்லாவிட்டால் ஏற்றாதே என்று என்னிடம் சொன்னார். ஆபீசரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை தப்பியது. மறுவாரம் ஆபீசர் சிரித்துக்கொண்டு வந்தார். பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்.

"இப்ப சரியாண்ணே? கோவம் போச்சா?"

"சீட்டு சரி, சார்."

அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவர் சீட்டோடு வரும்போதெல்லாம் நான் பேசியது அந்த மூன்று சொல் மட்டும்தான்.